ஒரு சொட்டு ரத்தம் என்ன சொல்லும்?



உடம்பு அசதியாக இருக்கிறது. நான்கு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. தலை சுற்றுகிறது. டாக்டரிடம் போகிறோம். அவர் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்க்கிறார். நாக்கை நீட்டச் சொல்கிறார். பிறகு ஒரு சீட்டில் எழுதுகிறார். "ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு வாங்க" என்கிறார்.

ரத்தம் கொடுக்கிறோம். சாயங்காலம் ஒரு தாள் கிடைக்கிறது. அதில் நிறைய எண்கள் இருக்கின்றன. அவை என்ன சொல்கின்றன? வயிற்றில் புழு இருந்தால் அந்தத் தாளில் தெரியுமா?

இந்தக் கேள்விக்கு ஒரே பதில் இல்லை. சில புழுக்களை ரத்தத்தில் பார்க்கலாம். சில புழுக்களை ரத்தத்தில் பார்க்கவே முடியாது. அவை செய்த கெடுதல் மட்டும் ரத்தத்தில் தெரியும். இந்த வேறுபாடு தெரிந்தால் காசும் மிச்சம், உடம்பும் தேறும். அதைத்தான் இந்தப் பாடத்தில் படிக்கப் போகிறோம்.

1. எந்தப் புழு எங்கே இருக்கிறது?

மனித உடம்பில் பல வகைப் புழுக்கள் வாழ்கின்றன. அவற்றை இரண்டு கூட்டமாகப் பிரிக்கலாம்.

முதல் கூட்டம் குடலில் வாழ்வது. உருண்டைப்புழு, கீரிப்பூச்சி, கொக்கிப்புழு, சாட்டைப்புழு, நாடாப்புழு ஆகியவை இந்தக் கூட்டம். இவற்றில் பெரும்பாலானவற்றின் முட்டைகள் மலத்தோடு வெளியே வரும். கீரிப்பூச்சி மட்டும் இரவில் ஆசனவாய் ஓரத்துக்கு வந்து முட்டையிடும். அதனால்தான் குழந்தைகள் ராத்திரியில் சொறிகிறார்கள்.

இரண்டாவது கூட்டம் குடலுக்கு வெளியே வாழ்வது. நம் நாட்டில் இதில் முக்கியமானது யானைக்கால் புழு. இதன் குஞ்சுகள் ரத்தத்தில் நீந்தும்.

ஆகவே ஒரு சிறு விதியை மனதில் வைப்போம். திருடன் எந்த வீட்டில் ஒளிந்திருக்கிறானோ அந்த வீட்டில்தான் தேட வேண்டும். குடல் புழுவை மலத்தில் தேட வேண்டும். யானைக்கால் புழுவை ரத்தத்தில் தேட வேண்டும்.

2. கொக்கிப்புழுவின் பயணம்

கொக்கிப்புழு மிகச் சிறியது. அதன் நீளம் சுமார் ஒரு சென்டிமீட்டர். நம் சுண்டுவிரல் நகத்தின் அளவுதான். ஆனால் ரத்தத்தைக் குடிப்பதில் அதற்கு ஈடு இல்லை.

புழு உள்ள ஒருவர் திறந்த வெளியில் மலம் கழிக்கிறார். மலத்தில் முட்டைகள் இருக்கின்றன. ஈரமான, நிழலான, வெதுவெதுப்பான மண்ணில் அந்த முட்டைகள் ஓரிரு நாளில் பொரிகின்றன. குஞ்சுகள் சுமார் ஒரு வாரத்தில் மனிதனைத் தொற்றும் அளவுக்கு வளர்கின்றன. அந்த மண்ணில் செருப்பு இல்லாமல் யாராவது நடந்தால், குஞ்சுகள் தோலைத் துளைத்து உள்ளே போகின்றன. அந்த இடத்தில் அரிப்பு வரும். சிறு கொப்புளம் வரும்.

உள்ளே போன குஞ்சு சும்மா இருப்பதில்லை. ரத்தக் குழாய் வழியாக இதயத்துக்குப் போகிறது. அங்கிருந்து நுரையீரலுக்குப் போகிறது. பிறகு மூச்சுக் குழாயில் ஏறித் தொண்டைக்கு வருகிறது. நாம் எச்சிலோடு அதை விழுங்கி விடுகிறோம். கடைசியில் அது குடலுக்குப் போய்ச் சேருகிறது. குடல் சுவரைக் கடித்துப் பிடித்துக்கொண்டு ரத்தம் குடிக்கிறது.

புழு தோல் வழியாக உள்ளே போகிறது என்று முதலில் யாருக்கும் தெரியாது. வாய் வழியாக மட்டுமே போகும் என்று நினைத்தார்கள். எகிப்து நாட்டின் கெய்ரோ நகரில் லூஸ் என்ற ஒரு விஞ்ஞானி இருந்தார். 1890-களில் ஒரு நாள் அவர் கையில் குஞ்சுகள் உள்ள தண்ணீர் தவறிச் சிந்தியது. கை எரிந்தது, சிவந்தது. சில வாரம் கழித்து அவருடைய மலத்திலேயே கொக்கிப்புழுவின் முட்டைகள் இருந்தன. இப்படித்தான் உண்மை வெளியே வந்தது.

3. சுரங்கத்தில் வந்த நோய்

நாம் தங்கவயல்காரர்கள். நமக்குச் சுரங்கம் என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை. நம் தாத்தாக்கள் ஷாஃப்டில் இறங்கியவர்கள். எனவே சுரங்கத்தில் நடந்த ஒரு கதையைக் கேட்போம்.

1880-ஆம் ஆண்டு. ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து சுமார் 15 கிலோமீட்டர் நீளத்துக்கு ரயில் சுரங்கம் வெட்டினார்கள். அதன் பெயர் செயின்ட் காட்ஹார்ட் சுரங்கம். வேலை செய்தவர்களில் பலர் இத்தாலி நாட்டு ஏழைகள். அவர்கள் வெளிறிப் போனார்கள். நடக்கத் தெம்பு இல்லாமல் விழுந்தார்கள். அவர்களைச் சோதித்தபோது கொக்கிப்புழு இருப்பது தெரிந்தது. சுரங்கத்துக்குள் சூடு இருந்தது. ஈரம் இருந்தது. கக்கூஸ் மட்டும் இல்லை. புழுவுக்கு வேறு என்ன வேண்டும்?

அடுத்து இங்கிலாந்தில் கார்ன்வால் என்ற பகுதி. அந்தப் பெயர் நம் ஊருக்குப் புதிது அல்ல. 1880 முதல் நம் தங்கச் சுரங்கங்களை நடத்த வந்தது ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் கம்பெனி. அதோடு கார்ன்வால் சுரங்கக்காரர்கள் பலர் இங்கே வந்தார்கள்.

அந்தக் கார்ன்வாலில் டால்கோத் என்ற ஆழமான வெள்ளீயச் சுரங்கம் இருந்தது. அங்கே தொழிலாளர்களுக்குச் சோகை வந்தது. தோலில் அரிப்பும் கட்டியும் வந்தன. காற்று கெட்டதால் வந்த நோய் என்று நினைத்தார்கள். 1902-ல் ஹால்டேன் என்ற விஞ்ஞானி வந்து ஆராய்ந்தார். காரணம் கெட்ட காற்று அல்ல, கொக்கிப்புழு என்று கண்டுபிடித்தார். 1902 என்றால் எந்த ஆண்டு தெரியுமா? சிவசமுத்திரத்திலிருந்து நம் தங்கவயலுக்கு மின்சாரம் வந்த அதே ஆண்டு.

இங்கிலாந்து குளிர் நாடு. மேலே மண்ணில் கொக்கிப்புழுக் குஞ்சு வாழாது. ஆனால் ஆழத்தில் சூடு அதிகம். அதனால் நோய் சுரங்கத்துக்குள் மட்டும் பரவியது.

ஹால்டேனோடு பாய்காட் என்ற மருத்துவரும் சேர்ந்து ஆராய்ந்தார். அவர் தொழிலாளர்களின் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். அதைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தார். புழு உள்ளவர்களின் ரத்தத்தில் ஒரு வகை வெள்ளை அணு மிக அதிகமாக இருந்தது. அந்த அணுவின் பெயர் ஈசினோபில்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அவர் ரத்தத்தில் புழுவைப் பார்க்கவில்லை. புழு இருப்பதற்கான அடையாளத்தைப் பார்த்தார். ரத்தம் சந்தேகத்தைக் கிளப்பியது. மலத்தில் முட்டை தெரிந்தபோதுதான் சந்தேகம் தீர்ந்தது. நூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் இந்த முறை மாறவில்லை.

நம் சுரங்கம் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதியோடு மூடப்பட்டது. ஆனால் நம் நாட்டில் கொக்கிப்புழுவுக்குச் சுரங்கம் தேவையில்லை. இங்கே மேல்மண்ணே வெதுவெதுப்பானது. மழை பெய்தால் ஈரமும் உண்டு. திறந்த வெளியில் மலம் கிடந்தால் போதும்.

4. ரத்தச் சீட்டைப் படிப்போம்

ரத்தச் சீட்டு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். பயப்பட வேண்டாம். நமக்கு எண்கள் தெரியும். இரண்டே இரண்டு இடத்தைப் பார்த்தால் போதும். அந்த இரண்டு இடத்திலும் ஒரு கோடு போட்டுத் தரும்படி லேபில் கேளுங்கள்.

முதல் இடம்: ஹீமோகுளோபின். இதை எச்.பி. என்றும் சொல்வார்கள். ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருவது இதுதான். உடம்பு முழுவதும் காற்றைச் சுமந்து போவதும் இதுதான். இது செய்ய உடம்புக்கு இரும்புச் சத்து வேண்டும்.

ஆண்களுக்கு 13 கிராமுக்குக் குறையக்கூடாது.
பெண்களுக்கு 12 கிராமுக்குக் குறையக்கூடாது.
கர்ப்பிணிகளுக்கு 11 கிராமுக்குக் குறையக்கூடாது.
இதற்குக் குறைந்தால் அது ரத்தசோகை.

இரண்டாவது இடம்: ஈசினோபில். நம் ஊரில் பலர் "ஈஸ்னோபீலியா" என்று சொல்வார்களே, அது இந்த அணு கூடுவதுதான். நூறு வெள்ளை அணுவை எண்ணினால் அதில் 1 முதல் 6 வரை ஈசினோபில் இருக்கலாம். அதற்கு மேல் போனால் ஏன் என்று யோசிக்க வேண்டும். புழு ஒரு காரணம். ஆஸ்துமா, ஒவ்வாமை, சில தோல் நோய்கள் ஆகியவையும் காரணமாக இருக்கலாம். அதனால் இந்த எண்ணை மட்டும் பார்த்துப் "புழு" என்று முடிவு செய்யக்கூடாது. எண் சரியாக இருப்பதால் புழுவே இல்லை என்றும் சொல்லக்கூடாது.

இப்போது ஒரு பேச்சைக் கேட்போம். அரசு மருத்துவமனை லேப் வாசலில் ஒரு அம்மாவும் லேபில் வேலை செய்யும் தம்பியும் பேசுகிறார்கள்.

அம்மா: தம்பி, நேத்து ரத்தம் குடுத்தேன். சீட்டு வந்துடுச்சா?

தம்பி: வந்துடுச்சும்மா. உட்காருங்க. உங்க எச்.பி. ஏழரைதான் இருக்கு.

அம்மா: ஏழரையா! சனி மாதிரி இல்ல சொல்றே!

தம்பி: (சிரித்து) சனி இல்லம்மா, சோகை. பன்னெண்டாவது இருக்கணும். ஈசினோபிலும் பதினாலு இருக்கு. அதுவும் கூடுதல்தான். டாக்டர் மலம் டெஸ்ட் பண்ணச் சொல்லி எழுதியிருக்காரு.

அம்மா: ஏன் தம்பி, அதான் இவ்வளவு ரத்தம் எடுத்தீங்களே. புழு இருக்கான்னு அதுலயே பார்த்துட வேண்டியதுதானே?

தம்பி: கொக்கிப்புழு ரத்தத்துல நிக்காதும்மா. குடல்லதான் ஒட்டிக்கிட்டு இருக்கும். முட்டை மலத்துலதான் வரும். ரத்தத்துல அது பண்ணின சேதாரம்தான் தெரியும்.

அம்மா: மலத்தை டப்பாவுல எடுத்துட்டு வர்றதா? ஐயே, பஸ்ல எப்படிப்பா கொண்டு வர்றது? நாலு பேரு என்னா நெனப்பாங்க?

தம்பி: மூடி போட்ட டப்பா நாங்களே தருவோம்மா. ஒரு பாக்கு அளவு போதும். காகிதத்துல சுத்தி எடுத்துட்டு வாங்க. வெட்கப்பட்டா புழுவுக்குத்தான் லாபம்.

அம்மா: போன வருஷம் சத்து மாத்திரை சாப்பிட்டேனே. கொஞ்ச நாள் நல்லா இருந்துச்சு. அப்புறம் பழையபடி ஆயிடுச்சு.

தம்பி: ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்தின மாதிரிம்மா. ஓட்டையை அடைக்கணும். தண்ணியும் ஊத்தணும். ரெண்டும் வேணும்.

அந்தத் தம்பி சொன்னது சரி. புழு மாத்திரை ஓட்டையை அடைக்கும். இரும்புச் சத்து மாத்திரை குடத்தை நிரப்பும். ஒன்றை மட்டும் செய்தால் சோகை போகாது.

மலம் எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை:
சுத்தமான, காய்ந்த டப்பா வேண்டும்.
சிறுநீரோ தண்ணீரோ கலக்கக்கூடாது.
டப்பாவின் மேல் பெயரை எழுத வேண்டும். நமக்குத்தான் இப்போது எழுதத் தெரியுமே!
எடுத்த அன்றே, முடிந்தவரை சீக்கிரம் லேபில் கொடுக்க வேண்டும். நேரமானால் கொக்கிப்புழு முட்டை பொரிந்து போகும். அடையாளம் தெரியாது.
ஒரு முறையில் தெரியாவிட்டால் மறுபடியும் கொடுக்கச் சொல்வார்கள். சலிக்காமல் கொடுக்க வேண்டும்.

இன்னொரு செய்தி. கொக்கிப்புழு உடம்புக்குள் போன உடனே முட்டை இடாது. அதற்கு ஐந்து வாரத்துக்கு மேல் ஆகும். அதற்கு முன்பே ரத்தத்தில் ஈசினோபில் கூடத் தொடங்கும். அதனால் சில சமயம் ரத்தம் முதலில் சொல்லும். மலம் பிறகு சொல்லும்.

5. ஒரு கணக்குப் போடுவோம்

நம் நாட்டில் அதிகம் காணப்படும் கொக்கிப்புழு வகை ஒன்று உண்டு. அதில் ஒரு புழுவால் ஒரு நாளைக்குச் சுமார் 0.03 மில்லி ரத்தம் போகிறது. இது அரைச் சொட்டுக்குச் சற்றுக் கூடுதல். இவ்வளவுதானா என்று தோன்றும்.

ஒருவர் குடலில் 100 புழு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.
ஒரு நாளைக்கு: 100 × 0.03 = 3 மில்லி.
ஒரு மாதத்துக்கு: 3 × 30 = 90 மில்லி.

90 மில்லி என்றால் ஒரு சின்ன டீ கிளாஸ் நிறைய. மாதம் ஒரு டீ கிளாஸ் ரத்தம்! பெண்களுக்கு மாதவிலக்கிலும் ரத்தம் போகிறது. பிரசவத்திலும் போகிறது. அதோடு இதுவும் சேர்ந்தால் உடம்பு எப்படித் தாங்கும்? சோகை கடுமையாக உள்ள கர்ப்பிணிக்குப் பிரசவத்தில் ரத்தப்போக்கு ஏற்பட்டால் உயிருக்கே ஆபத்து. குழந்தையும் எடை குறைந்து பிறக்கும்.

"அவளுக்குச் சோம்பேறித்தனம்" என்று மருமகளைத் திட்டுவதற்கு முன்னால் அவளுடைய எச்.பி. எவ்வளவு என்று கேளுங்கள். வகுப்பில் தூங்கும் பிள்ளையை அடிப்பதற்கு முன்னால் அவன் புழு மாத்திரை சாப்பிட்டானா என்று கேளுங்கள்.

6. ராத்திரியில் மட்டும் வரும் புழு

இப்போது இரண்டாவது கூட்டத்துக்கு வருவோம். அது யானைக்கால் புழு. இது உண்மையாகவே ரத்தத்தில் தெரியும் புழு.

இதைப் பரப்புவது கொசு. சாக்கடை, கழிவுநீர்க் குட்டை போன்ற அழுக்குத் தண்ணீரில் வளரும் கியூலெக்ஸ் கொசுதான் அது. வளர்ந்த புழு நம் உடம்பின் நிணநீர்க் குழாய்களில் வாழ்கிறது. நிணநீர் என்பது உடம்பில் ஓடும் வெளுத்த நீர். புழு அந்தக் குழாய்களைக் கெடுப்பதால் நீர் தேங்கிக் கால் வீங்குகிறது. ஆண்களுக்கு விரைவீக்கமும் வரலாம். பெண் புழு ஆயிரக்கணக்கில் குஞ்சுகளைப் போடும். அவை ரத்தத்தில் கலந்து நீந்தும்.

மனித ரத்தத்தில் இந்தக் குஞ்சுகளைக் கண்டவர் லூயிஸ் என்ற மருத்துவர். அவர் அதைக் கண்டது நம் நாட்டில்தான், கல்கத்தாவில், 1872-ல். பிறகு சீனாவில் வேலை செய்த மேன்சன் என்ற மருத்துவர் ஒரு விந்தையைக் கண்டுபிடித்தார். பகலில் எடுத்த ரத்தத்தில் குஞ்சு அநேகமாக இல்லை. அதே ஆளிடம் இரவில் எடுத்த ரத்தத்தில் நிறைய இருந்தது!

ஏன் இப்படி? பகலில் இந்தக் குஞ்சுகள் நுரையீரலின் ரத்தக் குழாய்களில் ஒளிந்து கொள்கின்றன. இரவில் தோலுக்கு அருகே உள்ள ரத்தத்துக்கு வருகின்றன. இரவு பத்து மணி முதல் இரண்டு மணி வரை மிக அதிகமாக இருக்கும். இந்தக் கொசு கடிப்பதும் ராத்திரியில்தான். கொசுவின் நேரத்துக்கு ஏற்றபடி புழு தன் நேரத்தை அமைத்துக் கொண்டிருக்கிறது.

அதனால்தான் யானைக்கால் நோய் உள்ள ஊர்களில் சுகாதாரப் பணியாளர்கள் ராத்திரியில் வந்து கதவைத் தட்டுகிறார்கள். விரல் நுனியில் குத்தி இரண்டு மூன்று சொட்டு ரத்தம் எடுக்கிறார்கள். கண்ணாடித் தகட்டில் தடவிக் காயவைத்து, சாயம் போட்டு, நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். "இந்த நேரத்தில் வந்து ரத்தம் கேட்கிறார்களே" என்று சிலர் சண்டைக்குப் போகிறார்கள். சிலர் கதவைச் சாத்திக் கொள்கிறார்கள். அவர்கள் வேண்டுமென்று தூக்கத்தைக் கெடுக்கவில்லை. புழு வரும் நேரத்தில் வருகிறார்கள். ஒன்றை மட்டும் நாம் பார்த்துக் கொள்ள வேண்டும். ஒவ்வொருவருக்கும் புதிய ஊசி முனை எடுக்கிறார்களா என்று பாருங்கள். அதைக் கேட்பது நம் உரிமை.

இப்போது பகலிலேயே பார்க்கக்கூடிய பரிசோதனையும் இருக்கிறது. ஒரு சிறு பட்டையில் விரல் ரத்தத்தை விடுவார்கள். பத்து நிமிடத்தில் கோடு தெரியும். இது ரத்தத்தில் உள்ள குஞ்சைத் தேடுவதில்லை. வளர்ந்த புழு விடும் கழிவுப் பொருளைக் கண்டுபிடிக்கிறது. அதனால் எந்த நேரத்திலும் செய்யலாம்.

கோலார் பக்கத்தில் இருக்கும் நமக்கு இது எதற்கு என்று கேட்கலாம். கர்நாடகத்தில் இந்த நோய் கலபுரகி, யாத்கிர், ராய்ச்சூர் போன்ற வட மாவட்டங்களில் உண்டு. தமிழ்நாட்டில் காஞ்சிபுரம், கும்பகோணம், கடலூர், வேலூர் பக்கங்களில் நெடுங்காலமாக இருந்தது. நம்மில் பலருக்குச் சொந்தம் அந்தப் பக்கம்தான். பெண் கொடுப்பதும் எடுப்பதும் அங்கேதான். புழு உடம்பில் பல ஆண்டு வாழும். வெளியே எதுவும் தெரியாது. ஊர் மாறினாலும் புழு கூடவே வரும்.

1955-ல் இந்திய அரசு யானைக்கால் நோயைக் கட்டுப்படுத்தும் திட்டத்தைத் தொடங்கியது. 1996-97-ல் சில மாவட்டங்களில் ஆண்டுக்கு ஒரு முறை எல்லோருக்கும் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். கடலூர் மாவட்டம் அதில் ஒன்று. 2004 முதல் நோய் உள்ள மாவட்டங்களில் எல்லாம் இதைச் செய்தார்கள். அந்த மாத்திரையின் பெயர் டி.இ.சி. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், கடும் நோயாளிகள் இவர்களுக்குக் கொடுப்பதில்லை. மாத்திரை சாப்பிட்டதும் சிலருக்குக் காய்ச்சலும் தலைவலியும் வரும். அது பெரும்பாலும் உடம்பில் குஞ்சுகள் சாவதால் வருவது. ஓரிரு நாளில் சரியாகும். சரியாகாவிட்டால் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கால் பெரிதாக வீங்கிய பிறகு ரத்தத்தில் குஞ்சு தெரியாமல் போகலாம். "ரத்தத்தில் ஒன்றுமில்லை, எனவே இது சாபம்" என்று நினைக்கக்கூடாது. புழு முன்பே குழாயைக் கெடுத்துவிட்டது, அவ்வளவுதான். அந்தக் காலைத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். விரல் இடுக்கை ஈரம் இல்லாமல் துடைக்க வேண்டும். உட்காரும்போது காலை உயர்த்தி வைக்க வேண்டும். இப்படிச் செய்தால் அடிக்கடி வரும் காய்ச்சல் குறையும். வீக்கமும் கூடாமல் இருக்கும்.

யானைக்கால் புழுவால் சிலருக்கு இன்னொரு தொல்லையும் வரும். ராத்திரியில் விடாத இருமல். ரத்தத்தில் ஈசினோபில் மிக மிக அதிகமாக இருக்கும். இதற்கும் டி.இ.சி. மாத்திரைதான் மருந்து. ஆனால் நம் ஊரில் இருமலுக்குப் பல காரணம் உண்டு. சுரங்கத் தூசியால் வந்த சிலிக்கோசிஸ் இருக்கலாம். காசநோய் இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் முதலில் சளியைச் சோதிக்க வேண்டும்.

7. பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

வேறு சில புழுக்களுக்கும் ரத்தப் பரிசோதனை உண்டு. நாடாப்புழுவில் ஒரு வகையின் முட்டை வயிற்றுக்குள் போனால், குஞ்சு மூளைக்குப் போய்த் தங்கலாம். அப்போது வலிப்பு வரும். இதற்குப் பெரிய மருத்துவமனையில் ஸ்கேன் எடுப்பார்கள். ரத்தமும் பார்ப்பார்கள். ரத்தத்தில் அவர்கள் பொதுவாகத் தேடுவது எதிர்ப்புப் பொருள். புழுவை எதிர்க்க உடம்பு செய்து வைத்த ஆயுதம் அது. சண்டை முடிந்த பிறகும் ஆயுதம் வீட்டில் கிடக்கும் அல்லவா? அதுபோலப் புழு போன பிறகும் அந்தப் பொருள் சில காலம் ரத்தத்தில் இருக்கும். அதனால் அந்தப் பரிசோதனையை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது.

தினக்கூலி வேலை செய்கிறோம். விடியற்காலை ரயில் பிடித்துப் பெங்களூருக்குப் போகிறோம். ஒரு நாள் கூலி போனாலே கஷ்டம். ஆகவே பணம் கட்டிச் சோதனை செய்வதற்கு முன்னால் டாக்டரிடம் மரியாதையாக மூன்று கேள்வி கேட்போம்.

"இது எதைக் கண்டுபிடிக்க, டாக்டர்?"
"இதற்கு ரத்தம் பார்க்க வேண்டுமா, மலம் பார்க்க வேண்டுமா?"
"அரசு மருத்துவமனையில் இதைச் செய்கிறார்களா?"

கேட்பது தப்பில்லை. நல்ல டாக்டர் பொறுமையாகப் பதில் சொல்வார்.

8. புழு வராமல் தடுப்போம்

கக்கூஸில்தான் மலம் கழிக்க வேண்டும். குழந்தையின் மலத்தையும் கக்கூஸில்தான் போட வேண்டும். சாக்கடை ஓரத்தில் போடக்கூடாது.

வெளியே போகும்போது செருப்புப் போட வேண்டும். தோட்டத்தில் வேலை செய்பவர்களும், துப்புரவு வேலை செய்பவர்களும் பூட்ஸும் கையுறையும் அணிய வேண்டும். வேலை கொடுப்பவரிடம் கேட்டு வாங்க வேண்டும்.

சாப்பிடும் முன்பும் மலம் கழித்த பின்பும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். நகத்தை வெட்ட வேண்டும். காய்கறியைக் கழுவிச் சமைக்க வேண்டும்.

2015 முதல் பிப்ரவரி 10-ஆம் தேதி தேசியக் குடற்புழு நீக்க நாள். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு அல்பெண்டசோல் மாத்திரை இலவசமாகக் கொடுப்பார்கள். அன்றைக்குப் பிள்ளைகளைத் தவறாமல் அனுப்புங்கள். இதற்கு ரத்தமோ மலமோ சோதிக்கத் தேவையில்லை. கர்ப்பிணிகள் முதல் மூன்று மாதத்தில் புழு மாத்திரை சாப்பிடக்கூடாது. பிறகு டாக்டர் சொன்னபடி சாப்பிடலாம்.

ராகி, முருங்கைக் கீரை, கடலை, ஈரல் ஆகியவற்றில் இரும்புச் சத்து உண்டு. இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டவுடன் டீ, காபி குடிக்காதீர்கள். சத்து உடம்பில் சேராது. எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்துக் கொண்டால் நன்றாகச் சேரும். மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும். பயந்து நிறுத்தி விடாதீர்கள்.

நினைவில் வைப்போம்

குடல் புழுவை மலத்தில் தேட வேண்டும்.
குடல் புழுவின் கெடுதல் ரத்தத்தில் தெரியும்.
யானைக்கால் புழுவின் குஞ்சு இரவு ரத்தத்தில் தெரியும்.
புழு மாத்திரையும் இரும்புச் சத்தும் சேர்ந்தால்தான் சோகை தீரும்.

புதிய சொற்கள்

சோகை: ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைவது.
நுண்ணோக்கி: கண்ணுக்குத் தெரியாததைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி.
ஈசினோபில்: ஒரு வகை வெள்ளை அணு.
நிணநீர்: உடம்பில் தனிக் குழாய்களில் ஓடும் வெளுத்த நீர்.

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்.
1. கொக்கிப்புழுவின் முட்டை ________ இல் இருக்கும்.
2. பெண்களுக்கு எச்.பி. ________ கிராமுக்குக் குறையக்கூடாது.
3. யானைக்கால் நோயைப் பரப்புவது ________ .

ஆ. கணக்கு.
ஒருவர் குடலில் 50 கொக்கிப்புழு உள்ளது. ஒரு புழுவால் ஒரு நாளைக்கு 0.03 மில்லி ரத்தம் போகிறது. 30 நாளில் எவ்வளவு ரத்தம் போகும்?

இ. ஒன்றிரண்டு வரியில் எழுதுங்கள்.
1. டால்கோத் சுரங்கத்தில் விரல் ரத்தம் எதைக் காட்டியது?
2. யானைக்கால் நோய்க்கு ஏன் ராத்திரியில் ரத்தம் எடுக்கிறார்கள்?

ஈ. கூடிப் பேசுங்கள்.
நம் தெருவில் கக்கூஸ் இல்லாத வீடுகள் எத்தனை? தண்ணீர் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் பொதுக் கக்கூஸ் எது? அதைத் திறக்க நகரசபைக்கு என்ன எழுதலாம்? எல்லோரும் சேர்ந்து ஒரு மனு எழுதுங்கள். இந்த முறை கைநாட்டு வேண்டாம். கையெழுத்துப் போடுங்கள்.